நிறம் வராத இரண்டு குழாய்கள்

ஒரு சோதனைக் குழாயில் எதிர்பார்த்த நிறம் தோன்றாவிட்டால், நாம் தேடியது அங்கே இல்லை என்று முடிவு கட்டலாமா? அல்லது, நாம் தேடிய வடிவில் அது இல்லை என்று மட்டும்தான் சொல்லலாமா? கண்டியில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், பன்வில கடைவீதியில் உப்பு விற்ற ஒருவரின் பிழைப்பு இந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை இப்போது எழுதக் காரணம் தர்ஷினி. நான் ஓய்வு பெற்ற பின் என் இடத்துக்கு வந்தவள். அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள். கூடத்துக்குப் புதிய கருவி வந்திருக்கிறதாம். ஊசியால் சிறிது நீரை உள்ளே செலுத்தினால் குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு என்று ஒவ்வொன்றையும் மலைமுகடு போல வரைந்து தருகிறதாம். அதற்கேற்ப அறிக்கைப் படிவத்தையும் மாற்றப் போகிறார்கள்.

“மிஸ், அடியில ‘இச்சோதனை காட்டாதவை’ன்னு ஒரு வரி இருக்குல்ல, அத எடுத்துரலாமான்னு கேக்குறாங்க. நீங்க இருந்தப்ப போட்டதுன்னு சொன்னாங்க.”

தொலைபேசியில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தது ஒரு நீண்ட கதை.

நான் கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பேராதனைக்குப் போகும் பேருந்தின் மிதிபலகையில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்த நாட்களில் விரிவுரைக்கு நேரத்துக்குப் போனேன். கிடைக்காத நாட்களில் பிந்திப் போனேன். அப்படியே பட்டமும் பெற்றேன். இரசாயனம் படித்த பெண்ணுக்குப் பள்ளிக்கூட வேலைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. விண்ணப்பித்ததில் முதலில் பதில் வந்தது நீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து. அங்கேயே நிலைத்துவிட்டேன்.

கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. வடக்குப் பக்கம் அகலமான ஒரு சன்னல். அதன் வழியே எதிர் மலையும், அதில் நாள் முழுதும் இறங்கியும் ஏறியும் கொண்டிருக்கும் பனிமூட்டமும் தெரியும். அமோனியாவின் நெடியும், பக்கத்து அறையில் கொதிக்கும் தேநீரின் வாசமும் கலந்த அந்தக் காற்றை இன்றும் நினைத்தால் மூக்கில் உணர்கிறேன்.

எங்களுக்கு அதிகம் வந்தது கிணற்று நீர். தோட்டத்துப் பீலிகளில் விழும் ஊற்று நீரும் வரும். மலைநாட்டு நீரில் இயல்பாகக் குளோரைட்டு குறைவு. ஓரிடத்தில் அது கூடிக் காணப்பட்டால், மேற்சரிவில் யாருடைய மலகூடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே குளோரைட்டையும் அதன் இனத்தவற்றையும் கண்டறியும் ஏலைட்டுச் சோதனை எங்களுக்குப் பாடப்புத்தக விடயமாக இருக்கவில்லை. தொழிலாளர் வாழும் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதற்கு முன் நாங்கள் முந்திக்கொள்ள வேண்டிய ஓட்டம் அது.

செய்முறை எளிது. நீரில் சில துளி ஐதான, அதாவது நீர் கலந்த, நைத்திரிக்கமிலம் விட வேண்டும். கூடவே கரைந்திருக்கும் காபனேற்றுப் போன்றவை வீழ்படிவு தந்து நம்மை ஏமாற்றாமல் இருப்பதற்காக அது. பிறகு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல். குளோரைட்டு என்றால் தயிர் திரிந்தாற்போல வெள்ளை வீழ்படிவு. புரோமைட்டு என்றால் பாலாடை நிறம். அயடைட்டு என்றால் வெளிர் மஞ்சள். ஐயம் இருந்தால் அமோனியா. வெள்ளை, ஐதான அமோனியாவிலேயே கரைந்துவிடும். பாலாடை நிறத்துக்குச் செறிந்த அமோனியா வேண்டும். மஞ்சள் எதற்கும் அசையாது.

எழுதும்போது இவ்வளவுதான். ஆனால் பாலாடை நிறம் எங்கே முடிகிறது, வெளிர் மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று ஒரு மனிதக் கண் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் எங்கள் தலைமைப் பரிசோதகர் பரமேஸ்வரி மிஸ் வருவார்.

மிஸ் யாழ்ப்பாணத்தவர். கண்டியில் பாதி ஆயுள் கழிந்தும் பேச்சில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. மின்விளக்கின் கீழ் நிறம் பார்க்கக் கூடாது, வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிடும். குழாயை வடக்குச் சன்னலுக்குக் கொண்டுபோக வேண்டும். மலை தெரியாத அளவுக்கு மூட்டம் இருந்தால் அன்றைக்கு நிறம் பார்க்கும் வேலை இல்லை. கணக்கு எழுதலாம், குழாய் கழுவலாம். கழுவுவதும் காய்ச்சி வடித்த நீரில்தான். நகரக் குழாய்நீரில் குளோரீன் போட்டிருப்பார்கள். அதில் அலசிய வெறும் குழாய்கூட வெள்ளி நைத்திரேற்றுக்குக் கலங்கிக் காட்டும். அதனால் ஒவ்வொரு வரிசையிலும் முதல் குழாய் வெறும் குழாய். மாதிரி எதுவும் இல்லாமல், மருந்துகள் மட்டும். அது தெளிவாக நின்றால்தான் அடுத்த குழாய்க்குக் கை போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, கண்ட நிறத்தை ஆளுக்கொரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதுவரை வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை நான் குழாயைத் தூக்கியதும் “மஞ்சள் மிஸ்” என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தக் கரைசலை அப்படியே தொட்டியில் ஊற்றினார்.

“இனி எனக்கும் மஞ்சளாத்தான் தெரியும். திரும்பச் செய்யும், பிள்ளை.”

வெள்ளி நைத்திரேற்று தோலில் பட்டால் வெயிலில் கறுத்துவிடும், நாட்கணக்கில் போகாது. அண்ணனின் கல்யாணத்துக்கு அந்த விரல்களோடுதான் போனேன். பெரியம்மா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வாழைக்காய்க் கறையா என்று கேட்டார். வெள்ளிக் கறை என்றேன். “எல்லாப் புள்ளைகளும் கழுத்துல தங்கத்தோட வருது. இவ மட்டும் வெரல்ல வெள்ளியோட வந்து நிக்கிறா” என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எனக்கு வெள்ளிவிரல் என்றே பெயர்.

அந்தக் காலத்தில்தான் அயடீன் சேர்த்த உப்பையே உணவுக்கு விற்க வேண்டும் என்ற விதி கடைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பன்வில பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மோகன் என்ற இளம் விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். தோட்டத்திலேயே பிறந்து பட்டம் பெற்றவர். அவருடைய அம்மாவின் கழுத்தில், முந்தானையால் மறைத்தும் மறையாத கண்டக்கழலை. அயடீன் குறைவால் வருவது அது. ஆகவே புதிய விதியை அவர் தன் சொந்த விடயமாகவே எடுத்துக்கொண்டார்.

தோட்டத்துச் சனம் உப்பு வாங்கியது பெரும்பாலும் ஹனீபா முதலாளியின் கடையில். தகப்பன் காலத்துக் கடை. அவர் மூட்டையாக வாங்கி, தோட்டத்தவர்கள் வாங்கும் அளவுக்குச் சிறு பைகளில் கட்டி விற்பார். பையில் எழுத்து எதுவும் இருக்காது. மோகன் மாஸ்டர் அந்த உப்பில் ஒரு பிடியைப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்.

உப்பு முழுக்கக் குளோரைட்டு. வெள்ளி நைத்திரேற்று விட்டால் வெள்ளைதான் குவியும், அதற்குள் சிறிதளவு மஞ்சள் இருந்தாலும் தெரியாது. இது மாஸ்டருக்குத் தெரியும். எனவே உயர்தரப் பாடத்திட்டத்தின் அடுத்த சோதனைக்குப் போனார். கரைசலில் குளோரீன் நீரைத் துளித்துளியாக விட்டு, காபன் நாற்குளோரைட்டோடு குலுக்குவது. அயடைட்டு இருந்தால் குளோரீன் அதிலிருந்து அயடீனை விடுவிக்கும். அடியில் தங்கும் படை ஊதாவாகும். கண்ணுக்கு இவ்வளவு அழகான சோதனை எங்கள் தொழிலில் வேறில்லை. மாஸ்டர் மாணவர் முன்னிலையில் செய்தார். அடியில் இருந்த படை நிறமற்றே நின்றது. மறுபடி செய்தார். மறுபடியும் அப்படியே.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து கூடியிருந்தவர்களிடம் அவர் சொன்னார்: அந்த உப்பில் அயடீன் இல்லை, வாங்காதீர்கள். அடுத்த வாரம் ஹனீபாவின் கடைக்கு உப்புக்கு யாரும் வரவில்லை. உப்பில் ஏமாற்றுகிறவர் பருப்பில் ஏமாற்றமாட்டாரா என்று பேச்சு வளர்ந்தது. பிறகு எதற்குமே யாரும் வரவில்லை.

முறைப்பாடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனது. அவர் முத்திரையிட்ட மாதிரிகளை முறைப்படி கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். பதில் வரப் பல வாரங்கள் ஆகும். அதுவரை கடை தாங்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது. எங்கள் கூடத்துக்கு அடிக்கடி கிணற்று நீர் கொண்டுவருகிறவர் என்ற உரிமையில் ஒரு பங்கை எங்களிடமும் கொண்டுவந்தார். நீங்களும் இல்லை என்று சொன்னால் கொழும்புக்குக் காத்திராமல் கடையை மூடச் சொல்லிவிட்டு நீதிமன்றம் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். நாங்கள் தண்ணீர் பார்க்கிறவர்கள், உப்பு எங்கள் வேலை இல்லை என்று மிஸ் மறுத்தார். ஆனால் மாதிரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் ஹனீபா முதலாளியே படியேறி வந்தார். வெள்ளைச் சாரம், மழையில் நனைந்த குடை. மிஸ் கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“மிஸ், எனக்கு கேஸுக்குப் பயமில்ல. குத்தம் ஈந்தா குத்தப்பணம் கட்டிட்டுப் போறேன். ஆனா வாப்பா காலத்துலேந்து வந்த சனம் இப்ப றோட்டுக்கு அந்தப் பக்கத்தால போகுது. சின்னப் புள்ளைகளும் அப்பிடித்தான் போகுது. என்ட உம்மாவும் இதே உப்பத்தான் திண்டாங்க.”

“நீங்கள் இஞ்ச நிண்டா எங்கட கண் நேரா இராது. கீழ போய் இருங்கோ” என்றார் மிஸ். கடுமையாகத்தான் சொன்னார். முதலாளி இறங்கிப் போனதும், அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும்படி காவலாளியிடம் சொன்னவரும் மிஸ்தான்.

அன்று மலை தெரியவில்லை. அடுத்த நாளும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை வெளித்தது. வெறும் குழாய், பிறகு பன்வில உப்பு. நாங்களும் குளோரீன் நீர்ச் சோதனையில்தான் தொடங்கினோம். குலுக்கி, சன்னலுக்குக் கொண்டுபோய், துண்டுகளைக் கவிழ்த்து வைத்தோம். திருப்பினோம். இரண்டிலும் ஒரே சொல்: நிறமில்லை.

மாஸ்டர் சொன்னது சரி என்று எனக்குத் தோன்றியது. சுகாதாரப் பரிசோதகரை அழைக்கட்டுமா என்று கேட்டேன். குளோரீன் நீர் பழசாகிப் பலமிழந்திருக்கலாம், முதலில் அதைச் சோதிக்கச் சொன்னார் மிஸ். தூய சோடியம் குளோரைட்டில் நானே சிறிது பொற்றாசியம் அயடைட்டுச் சேர்த்துக் கரைத்தேன். குளோரீன் நீர் விட்டதும் நல்ல ஊதா வந்தது. மருந்தில் குறையில்லை. அப்படியானால் பன்வில உப்புக்கு விட்ட அளவு போதவில்லையோ என்று மிஸ் ஐயப்பட்டார். ஆகவே இரண்டு குழாய்களுக்கும் ஒரே அளவில் மேலும் மேலும் குளோரீன் நீர் விட்டுக் குலுக்கினேன். பன்வில உப்பு மாறவில்லை. நான் செய்த குழாயில் ஊதா வெளிறியது. இன்னும் விட்டதும் முற்றாகப் போய்விட்டது.

இது புதிதல்ல. குளோரீன் மிஞ்சினால் அயடீன் மேலும் ஒட்சியேறி, அதாவது ஒட்சிசனோடு சேர்ந்து, அயடேற்று என்ற வேறொரு வடிவாகிவிடும், நிறம் போய்விடும். அதனால்தான் துளித்துளியாக விடு என்று எல்லாப் பாடசாலையிலும் சொல்கிறார்கள். நான் ஆயிரம் தடவை கேட்ட செய்தி. ஆனால் அந்தக் காலை வெளிச்சத்தில் தாங்கியில் இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் நிறமற்றவை. எது எது என்று பெயர்த்துண்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அவற்றில் ஒன்றில் அயடீன் இருக்கிறது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை நான்தான் போட்டேன்.

“மிஸ், உப்புக்கு அவங்க என்னத்தப் போடுறாங்க?” என்று கேட்டேன்.

“அயடீன்.”

“எந்த வடிவத்துல?”

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொலைபேசி இருந்த மேசைக்குப் போய்ச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, விதிமுறையில் எழுதியிருப்பதை வார்த்தை வார்த்தையாக வாசிக்கச் சொன்னார். அவர் தேடியெடுத்து வாசிக்கும்வரை மிஸ் நின்றுகொண்டே இருந்தார். அதில் இருந்தது பொற்றாசியம் அயடேற்று. எங்கள் நாட்டு ஈரக்காற்றில் அயடைட்டு நிலைக்காது, அயடேற்று நிலைக்கும். தொடக்கத்திலிருந்தே ஒட்சியேறி நிற்பதைக் குளோரீன் என்ன செய்யும்? மாஸ்டரும் நாங்களும் செய்த சோதனை சரியானது. அது கேட்ட கேள்வி மட்டும் அந்த உப்புக்கு உரியதல்ல.

அயடேற்றுக்கு எதிர்வழியில் போக வேண்டும். உப்புக் கரைசலில் ஐதான அமிலம், பொற்றாசியம் அயடைட்டு, மாப்பொருட் கரைசல். அயடேற்று இருந்தால் அது அயடைட்டைத் தாக்கி அயடீனை வெளியே கொண்டுவரும், மாப்பொருள் நீலமாகும். வெறும் குழாயும் தூய உப்புக் குழாயும் தெளிவாக நின்றன. பன்வில உப்பு நீலமானது. துண்டுக் கடதாசி எழுதுவதற்குக்கூட மிஸ் மறந்துவிட்டார். நான் வேலை செய்த காலத்தில் அது ஒருமுறைதான் நடந்தது.

பரிசோதகர் நீதிமன்றம் போகும் எண்ணத்தை விட்டார். முடிவை எழுதிய எங்கள் சிறு குறிப்பை ஹனீபா முதலாளியிடம் கொடுத்தேன். அவர் அதை இரு கையாலும் வாங்கி, கவனமாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்:

“இத கண்ணாடி போட்டு மாட்டினா சனம் வருமா மிஸ்? சனம் என்ட கடைய விட்டது கடதாசியப் பார்த்துட்டா?”

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட ஒரு தாளால், கோயில் வாசலில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. இன்னொரு பயமும் இருந்தது. மாஸ்டர் பொய் சொன்னார் என்று பேச்சு மாறினால், அயடீனே பொய் என்று ஆகிவிடும். அவருடைய அம்மாவின் கழுத்தைப் போல இன்னும் எத்தனையோ கழுத்துகள் அந்த லயங்களில் இருந்தன. ஆகவே மாஸ்டரைச் சந்தித்தேன். இரண்டு குழாய்க் கதையைச் சொன்னேன். எல்லாரையும் கூப்பிடுகிறேன், நானே செய்கிறேன் என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் கூட்டம். அவரவர் வீட்டு உப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். டம்ளரிலும், பத்திரிகைத் துண்டிலும், முந்தானை முடிச்சிலும் கொண்டுவந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த மிஸ், பேருந்தில் மடியில் மருந்துப் பெட்டியோடு வந்து இறங்கினார். முதலில் வெறும் குழாய் என்று பிடிவாதம் பிடித்தார். மாஸ்டர் மருந்துகளை விட்டுக் காட்டினார். எதுவும் நடக்கவில்லை.

முன்வரிசையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், “பஸ்ஸேறி வந்து வெறுந்தண்ணியக் காட்டுறாங்கடி” என்றார். மண்டபம் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை, அடுத்த குழாயை எடுத்து நீட்டினார். அது அதே பெண் கொண்டுவந்த உப்பு, பிரச்சினைக்கு முன் ஹனீபாவின் கடையில் வாங்கியது. மாஸ்டரின் கையில் அது நீலமானது. சிரிப்பு நின்றது. அடுத்ததும் நீலம். அதற்கடுத்ததும்.

பிறகு ஒரு குழாய் தெளிவாகவே நின்றது. கேட்டால், கடையை மாற்றிய பிறகு வேறொரு கடையில் வாங்கிய உப்பு. “அப்ப அந்தக் கடைக்காரன்தான் ஏமாத்துறானா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. சிலர் எழுந்தும் விட்டார்கள். நானும் மிஸ்ஸும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்கு முன் மாஸ்டர் பேசினார்.

“ஒக்காருங்க. ஒரு தடவ நான் அவசரப்பட்டது போதும். இது ஒரு வீட்டு உப்பு, ஒரு குழாய். பரிசோதகர்கிட்ட குடுப்போம். அவர் பார்த்துச் சொல்லட்டும். அது வரைக்கும் யாரும் எந்தக் கடையையும் பத்திப் பேசக் கூடாது.”

பிறகு கடைசி வரிசையில் நின்ற ஹனீபா முதலாளியிடம் போனார். “முதலாளி, ஒங்க உப்புகிட்ட நான் தப்பான கேள்வியக் கேட்டுட்டேன்.”

“கேட்டது பரவாயில்ல மாஸ்டர். கேட்டுட்டு பதில என்கிட்ட செல்லாம ஊருக்குச் செல்லிட்டீங்களே.”

அப்போது மாஸ்டரின் அம்மா எழுந்து வந்தார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாளைக்குக் கடை திறந்திருக்குமா, கால் கிலோ உப்பு வேண்டும் என்று கேட்டார். “உங்களுக்குத் தொறக்காம யாருக்குத் தொறக்கப் போறேன்?” என்றார் முதலாளி. வெளியே வந்து, அந்த நீல மருந்தில் ஒரு சின்னப் போத்தல் தனக்கும் கிடைக்குமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். மிஸ் கொடுக்க மறுத்துவிட்டார்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. சில குடும்பங்கள் கடைசிவரை வேறு கடைக்கே போயின. ஹனீபா முதலாளி சிறு பை கட்டுவதை விடவில்லை. ஆனால் எழுத்துள்ள மூட்டையைக் கடையின் முன்பக்கம் நிறுத்திவைத்து, அதிலிருந்து வாங்குபவரின் கண்முன்னே அள்ளிக் கட்டினார். கொழும்பிலிருந்து வந்த பதிலும் எங்கள் முடிவையே சொன்னது. அது வந்தபோது யாரும் அதை வாசிக்கவில்லை.

பரமேஸ்வரி மிஸ் இப்போது இல்லை. வடக்குச் சன்னலில் குளிரூட்டி பொருத்திவிட்டார்கள் என்று தர்ஷினி சொன்னாள். கருவிக்கு மலை தெரிய வேண்டியதில்லை. நல்ல கருவிதான், நாங்கள் நாள் முழுதும் செய்ததைச் சில நிமிடங்களில் செய்கிறது. ஆனால் அதுவும் தன்னிடம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும்.

பன்விலவிலிருந்து திரும்பிய வாரத்தில் மிஸ்ஸும் நானும் அறிக்கைப் படிவத்தின் அடியில் ‘இச்சோதனை காட்டாதவை’ என்ற வரியைச் சேர்த்தோம். அதன் பிறகு, நான் ஓய்வு பெறும்வரை, ‘இல்லை’ என்ற சொல் எங்கள் கூடத்திலிருந்து தனியாக வெளியே போகவில்லை.